நனையாத கயிறு

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது லிஃப்ட் அக்காவை நினைத்து அல்ல. அவள் ஆழம் நன்றாகத் தெரிந்துகொண்டு, மீட்டர் கணக்கில் அளந்து வைத்துக்கொண்டு, காலை மட்டுமல்ல, தலையையும் சேர்த்து விட்டவள்.

லிஃப்ட் அக்கா என்பது அடுக்குமாடிக்காரர்கள் வைத்த பெயர். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவள் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. நாற்பத்தேழு வயது. குட்டையான, அகலமான உடம்பு. நின்றால் நகர்த்த முடியாது, கிளம்பினால் நிறுத்த முடியாது. வேலை முடிந்ததும் கூண்டின் தரைக்கும் மாடியின் தரைக்கும் நடுவே கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்ப்பாள். ஒரு விரல் இறங்கி நின்றாலும் மறுபடி மோட்டார் அறைக்கு ஏறிவிடுவாள். "ஒரு விரக்கடைதானே அக்கா, யாரு பாக்கப் போறா?" என்று கட்டடத்துக் காவல்காரர் அலுத்துக்கொள்வார். "யாரும் பாக்க மாட்டாங்க. அதனாலதான் தடுக்கி விழுவாங்க" என்பாள்.

தண்ணீருக்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டானது ஒரு ஓட்டலின் அடித்தளத்தில். மழைத் தண்ணீர் புகுந்து லிஃப்ட் குழி நிரம்பிவிட்டது. கீழே ஒரு வால்வை மூட வேண்டும், ஆள் போக முடியாது. முக்குளிக்கிற ஒருவரைக் கூப்பிட்டார்கள். முதுகில் சிலிண்டரோடு வந்தார், கறுப்புத் தண்ணீருக்குள் காணாமல் போனார், தேநீர் ஆறுவதற்குள் வால்வை மூடிவிட்டு வந்து நின்றார். அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். தன் லிஃப்ட் குழிக்குள் தன்னால் போக முடியாத ஒரு இடம் இருக்கிறது, அங்கே இன்னொருத்தன் போய்விட்டு வருகிறான் என்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அடுத்த வாரமே துறைமுகத்தின் பக்கத்தில் இருந்த முக்குளிப்புச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

சும்மா போகவில்லை, புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் சலூன் வைத்திருப்பவர். ஒரு தலைக்கு ஒரு ஊர்க்கதை என்று கணக்கு வைத்துப் பேசுகிற மனிதர். வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பது அவருக்குத் தண்டனைதான். ஆனாலும் பெண்டாட்டி இறங்குகிற தண்ணீரில் தான் கரையில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய தண்டனை என்று முதல் நாளே தெரிந்துகொண்டார். அவரும் கற்றுக்கொண்டார். அக்கா ஆழத்துக்குப் போவாள், அவர் நடுவழியில் காத்திருந்து, அடுத்த சிலிண்டரை நீட்டி, மேலே கூட்டி வருவார். இருபது வருஷத்துக் குடித்தனத்தில் அவர்கள் சண்டை போடாத இடம் தண்ணீருக்கு அடி ஒன்றுதான்.

"அங்க என்ன புதையலா இருக்கு?" என்று கேட்பாள் நாத்தனார். அவள் வீட்டுக்கு வந்தால் முதல் கேள்வி அதுதான். "ஒண்ணுமே இல்லை" என்பாள் அக்கா. "ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு இத்தனை மெனக்கெடலா?" "ஆமா. மெனக்கெட்டாத்தான் ஒண்ணுமே இல்லைன்னு தெரியுது." நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குள் போவாள்.

ஆழச் சாதனை என்பது பார்க்கிறவர்களுக்கு ஒரு சுவையும் இல்லாத விளையாட்டு. ஓட்டப் பந்தயம் என்றால் ஓடுகிறவனையாவது பார்க்கலாம். இதில் ஆள் மூழ்கிப் போனபின் பார்ப்பதற்கு ஒரு மிதவையும் நாலு குமிழியும்தான். கடலில் மிதவையைப் போட்டு, அதிலிருந்து எடை கட்டிய கயிற்றை இறக்கியிருப்பார்கள். கயிற்றில் இத்தனை மீட்டருக்கு ஒன்று என்று எண் பொறித்த பிளாஸ்டிக் வில்லைகள் தொங்கும். எந்த வில்லையைக் கழற்றிக்கொண்டு உயிரோடு மேலே வருகிறாயோ அதுதான் உன் ஆழம். கையில் கட்டும் ஆழமானியைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஆழத்தில் அது சரியாகக் காட்டும் என்று செய்தவர்களே உறுதி சொல்வதில்லை. கயிறு சொன்னதுதான் தீர்ப்பு.

இறங்குவது கால் மணி நேரம். ஏறி வர ஒரு பகல் முழுக்க ஆகும். ஆழத்தில் இழுத்த மூச்செல்லாம் ரத்தத்திலும் எலும்பிலும் கரைந்து கிடக்கும். அவசரப்பட்டு ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் பொங்கிவிடும். அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கங்கே நின்று நின்றுதான் வர வேண்டும். ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒவ்வொரு கலவைக் காற்று. தப்பான சிலிண்டரின் குழாயை வாயில் வைத்தால் கதை முடிந்தது. இத்தனைக்கும் பரிசு என்ன என்றால், சங்கத்துச் சுவரில் இருக்கும் பலகையில் பேர் எழுதுவார்கள்.

அந்தப் பலகையின் உச்சியில் பெண்கள் பக்கத்தில் ஏழு வருஷமாகப் பல் டாக்டரின் பேர் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். பல் டாக்டர் நெட்டையான, சிரித்த முகத்துக்காரி. பக்கத்து ஊரில் சொந்தமாக மருத்துவமனை வைத்திருந்தாள். நல்லவள்தான், அதுதான் அக்காவுக்கு எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டியாவது ஆறுதல் அடையலாம். அக்கா நூற்றைம்பது, நூற்றெழுபது, நூற்றுத் தொண்ணூறு என்று வருஷத்துக்கு ஒரு படியாக இறங்கிக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. லிஃப்ட் வேலையில் தோள் வலிப்பது புதிதல்ல என்று தைலம் தடவிக்கொண்டிருந்தாள். வலி போகவில்லை. எலும்பு டாக்டர் படம் எடுத்து விளக்கில் பிடித்துக் காட்டினார்.

"இந்த இடம் கறுப்பா இருக்கு பாருங்க. ஆழத்துக்குப் போய்ப் போய் எலும்பு உள்ளேயே செத்துக்கிட்டு வருது. இதோட நிறுத்திட்டீங்கன்னா இந்தக் கையை வெச்சு வேலை பாத்துப் பொழைக்கலாம். தொடர்ந்து போனீங்கன்னா தலைக்கு மேல கை தூக்க வராது."

"ஒரே ஒரு தடவை?" என்றாள் அக்கா.

"பேரம் பேச இது கடை இல்லைம்மா."

ஆனால் வீட்டில் பேரம் நடந்தது. சலூன்காரர் ரெண்டு நாள் வாய் திறக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே ஒரு சாதனை. வாடிக்கைக்காரர்கள் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கேட்டார்.

"ஒரே தடவைன்னா ஒரே தடவைதானா?"

"ஒரே தடவை. கிடைச்சாலும் கடைசி, கிடைக்காட்டியும் கடைசி."

"சத்தியமா?"

"நான் என்னைக்குங்க சொன்ன சொல்லு மாறினேன்?"

முதல் பாதியை அவர் நம்பினார். ரெண்டாவது பாதியை நம்பவில்லை. கிடைத்துவிட்டால் அடங்கிவிடுவாள். கிடைக்காவிட்டால் மறுபடி கிளம்புவாள், கை போகும், ஒருநாள் ஆளும் போவாள். அவருக்குத் தன் பெண்டாட்டியைத் தெரியும். அதனால் அந்தச் சாதனை கிடைக்க வேண்டும் என்று அவளைவிட அவர் அதிகம் வேண்டிக்கொண்டார்.

இங்கேதான் கயிற்றின் கதை வருகிறது.

பயிற்சிக்கு அவர்களிடம் ஒரு பழைய நைலான் கயிறு இருந்தது. உப்பும் பாசியும் ஏறி, சாம்பல் நிறமாகி, பார்க்க எலிவால் போல இருக்கும். இருநூறு மீட்டருக்குத்தான் வரும். "சங்கத்துல பழைய துண்டு ஏதாவது வாங்கி நீட்டிக்கலாம்" என்றார் புருஷன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "ஆயுசுக்கு ஒருநாள். ஊரே வந்து நிக்கும். இந்தப் பிசாசைத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்க எனக்கு வெக்கமா இருக்கு." புதுக் கயிறு வாங்கினாள். வெள்ளை வெளேரென்று, நடுவே ஒரு சிவப்பு இழை ஓடுகிற கயிறு. ராத்திரி அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே தொலைக்காட்சி பார்த்தாள்.

அதை அளந்த அழகைச் சொல்ல வேண்டும். தரையில் போட்டு அளப்பதெல்லாம் அளவா? லிஃப்ட்டுக்குப் புதுக் கம்பிக்கயிறு மாட்டினால் பாரம் ஏறியதும் நீளும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆகவே கயிறு என்றால் தொங்கவிட்டு, எடை கட்டி, நீள வேண்டியதெல்லாம் நீண்டபிறகு அளப்பதுதான் முறை. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு என்று பலகை மாட்டி லிஃப்ட்டை நிறுத்தினாள். மேலே மோட்டார் அறையில் புருஷன், கீழே குழிக்குள் அவள், பக்கத்தில் நடுவர். நடுவர் என்பவர் துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே கூட்டி வரும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சு போன்ற மீசை, எதையும் ரெண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். கயிற்றைத் துண்டு துண்டாகத் தொங்கவிட்டு, எடை கட்டி, எஃகு டேப் பிடித்து, குறி போட்டு, பகல் முழுக்க அளந்தார்கள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிய குடியிருப்புக்காரர்கள் எல்லா மாடியிலும் நின்று வைதார்கள். கடைசிக் குறி இருநூற்றுப் பதினாறு. நடுவர் ரெண்டு தடவை பார்த்தார், தலையாட்டினார், ஈய முத்திரை வைத்தார்.

"என் சர்வீஸ்ல இப்படி அளந்த கயித்தை நான் பாத்ததில்லை" என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாம் செய்தாள். ஒன்றைச் செய்யவில்லை. நனைக்கவில்லை. எஃகுக் கயிறு நனைந்தால் துருப் பிடிக்குமே தவிரச் சுருங்காது. இருபது வருஷம் எஃகோடு குடித்தனம் செய்தவளுக்குக் கயிறு நீளும் என்பதுதான் கவலை, சுருங்கும் என்பது கனவிலும் வரவில்லை. படகுக்காரன் யாரைக் கேட்டிருந்தாலும் புது நைலானை முதலில் தண்ணீரில் ஊறப் போடு என்று சொல்லியிருப்பான். அவள் யாரையும் கேட்கவில்லை. அவ்வளவு நேர்த்தியாக அளந்தவளைப் பார்த்து யாருக்குத்தான் சந்தேகம் வரும்? கப்பலோடு பழகிய நடுவருக்கே வரவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாதனை வைத்திருப்பவர்தான் அதை முறியடிக்கப் போகிறவருக்குக் கடைசி வில்லையைக் கட்டித் தர வேண்டும். விடிகாலையில் படகில் பல் டாக்டர் வந்து உட்கார்ந்து, பல் பிடுங்கினபிறகு தையல் போடும் நூலாலேயே அந்த வில்லையைக் கட்டினாள். "இழுத்தா உடனே வந்துடும் அக்கா. நான் புடுங்கறதிலதான் கெட்டிக்காரி" என்று சிரித்தாள். கயிறு இறங்கியது. அது ஊறுவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. அக்காவுக்கு ரப்பர் உடை மாட்டி, சிலிண்டர்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் சோதித்து முடிப்பதற்குள் சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. புருஷன் அவள் முகக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

போனாள்.

நீலம் கறுத்தது, கறுப்பு இன்னும் கறுத்தது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைக் கயிறு மட்டும் மேலே ஓடிக்கொண்டிருந்தது. நூறு தாண்டியபின் குளிர் பல்லைக் கடித்தது. நூற்று எழுபதில் கை நடுங்கத் தொடங்கியது. அது பயத்து நடுக்கம் அல்ல, அந்த ஆழத்துக் காற்றின் வேலை, அவளுக்குத் தெரியும். மேலே யோசி, கீழே செய் என்பது அவள் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். கீழே போய் யோசிக்கிறவர்கள் திரும்பி வருவதில்லை. நூற்றுத் தொண்ணூறு, இருநூறு என்று வில்லைகள் கடந்து போயின. பிறகு பல் டாக்டர் கட்டிய மஞ்சள் வில்லை வெளிச்சத்தில் வந்து நின்றது. இழுத்தாள், வந்துவிட்டது. பையில் போட்டு மூடினாள். பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தாள்.

இருநூற்று ஏழு.

பழைய கயிற்றில் இறங்கியபோதெல்லாம் வில்லையும் மானியும் ஒரு முழத்துக்கு மேல் வித்தியாசப்பட்டதில்லை. இன்றைக்கு ஒன்பது மீட்டர். மூன்று மாடி. கீழே விளக்கை அடித்தாள். ரெண்டு ஆள் உயரத்துக்கு வால் கயிறு, அதன் முனையில் எடை, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. உடம்பு திடமாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. சிலிண்டரில் காற்று மிச்சம் இருந்தது. இன்னும் ஒன்பது மீட்டர் இறங்கித் திரும்ப அவளால் முடியும், அது அவளுக்கு அந்த நொடியில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் கயிற்றை விட்டு ஒரு கை நீளம்கூடப் போவதில்லை என்று மேலே முடிவு செய்திருந்தாள். மேலே யோசித்ததைக் கீழே செய்தாள். திரும்பினாள்.

எண்பது மீட்டரில் புருஷன் காத்திருந்தார். அவள் பையைத் திறந்து மஞ்சள் வில்லையைக் காட்டினாள். அவர் கண்ணாடிக்குள்ளேயே அழுதார். அந்த மனிதருக்குப் பேச முடியாத குறை, அவள் தோளைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார், வலிக்கிற தோள் என்பதுகூட மறந்துபோனது. அவள் பிளாஸ்டிக் சிலேட்டில் எழுதினாள்: கயிறு குறைச்சல். மானியைக் காட்டினாள். அவர் பார்த்தார். அந்த ஆழத்து மானிக்கு மதிப்பில்லை என்பதும் அவருக்குத் தெரியும், பெண்டாட்டி எதற்கு எழுதுகிறாள் என்பதும் தெரியும். உள்ளங்கையால் சிலேட்டை அழித்துவிட்டு அவர் எழுதினார்: மேலே போய் யாருகிட்டயும் சொல்லாதே.

அதற்குப் பிறகு மணிக்கணக்கில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். யோசிப்பதற்கு அதைவிட வசதியான இடம் உலகத்தில் கிடையாது. அவளுக்கு வந்தது ஞானம் அல்ல, கோபம். தன் மேல் கோபம், வெள்ளைக் கயிற்றின் மேல் கோபம், மோட்டார் அறையில் நின்று பெருமைப்பட்ட அந்த முட்டாள் பகலின் மேல் கோபம். அழுதாள்கூட. பிறகு ஆசை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? முத்திரை இருக்கிறது, வில்லை இருக்கிறது. பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். ஏழு வருஷம் உழைத்தது பொய்யா? தோள் எலும்பு செத்தது பொய்யா?

இருபது மீட்டரில் பல் டாக்டர் இறங்கி வந்து குடிப்பதற்குச் சூடான பழரசப் பையை நீட்டினாள். சிலேட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: இனிமே நீங்கதான். கீழே ஒரு பல்லின் படம், அதற்கு ஒரு கிரீடம். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வருஷமாக ஒரு விரல் குறைந்தால் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று காவல்காரர்களிடம் கத்தியவள் அவள். இது மூன்று மாடி குறைகிறது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ரெண்டு மணி நேரம் தொங்க வேண்டியிருந்ததுதான் கொடுமை.

சாயங்காலம் படகில் தூக்கி உட்கார வைத்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். நடுவர் ஆக்சிஜன் முகமூடியை அவள் முகத்தில் வைத்தார். அவள் அதை இறக்கினாள்.

"கயித்தை அளக்கணும்."

"முதல்ல இதைப் போட்டு மூச்சு விடும்மா. கயித்தைத்தான் அளந்து சீல் வெச்சாச்சே."

"காய்ஞ்ச கயித்தை அளந்தோம். இப்ப நனைஞ்ச கயித்தை அளக்கணும். என் மானி இருநூத்தி ஏழுதான் காட்டுது."

நடுவர் மீசையைத் தடவினார். "அந்த ஆழத்துல மானிக்கு மதிப்பு இல்லை. விதியில நனைஞ்சது, காய்ஞ்சதுன்னு ஒண்ணும் இல்லை. வில்லை வந்துடுச்சு. என் பார்வையில சாதனை சாதனைதான்."

"என் பார்வையில இல்லைங்க."

சலூன்காரர் அவளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் மேலே வந்திருந்தார். அன்றைக்கு முழுக்க அடக்கி வைத்த பேச்சு மொத்தமும் அப்போது வெடித்தது. "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க! யாராவது கேட்டாங்களா உன்னை? எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு, நீ ஒருத்தி ஏன் குழி தோண்டறே? அந்த நம்பர் உனக்கு வேண்டாம்னா போ, எனக்கு வேணும். அது கிடைச்சாத்தான் நீ வீட்டுல இருப்பே. இல்லைன்னா மறுபடி கிளம்புவே. நான் மறுபடி அந்த இருட்டுல நின்னுக்கிட்டு, வருவாளா மாட்டாளான்னு கீழே பாத்துக்கிட்டு..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"கிடைக்காட்டியும் கடைசின்னு சொன்னேன்ல" என்றாள் அக்கா மெதுவாக.

"நான் அதை நம்பலை."

"தெரியும்."

பல் டாக்டர் பக்கத்தில் வந்து குந்தினாள். "எனக்காகவா அக்கா இதெல்லாம்? எனக்கு வேண்டாம். நான் மனசாரத்தான் வாழ்த்தினேன்."

"உங்களுக்காக இல்லைம்மா. உங்களைத் தோக்கடிக்கணும்னு ஏழு வருஷம் இறங்கியிருக்கேன். தோக்கடிச்சாத்தானே தோக்கடிச்ச மாதிரி? உங்க கயிறு எப்படி? புதுசா?"

பல் டாக்டர் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "எங்க படகைக் கட்டிப் போட்டிருந்த கயிறு. வருஷக்கணக்கா உப்புத் தண்ணியில கிடந்தது. புதுசு வாங்க மனசு வரலை." அவளுடைய கஞ்சத்தனம் ஊர் அறிந்தது. அன்றைக்கு அது அவள் பேரைக் காப்பாற்றியது.

படகுத்துறையில் விளக்குப் போட்டார்கள். சொட்டச் சொட்டக் கயிற்றைப் பலகைத் தளத்தில் நீட்டினார்கள். கட்டடத்தில் கட்டிய அதே பாரம் வருகிற மாதிரி தராசு மாட்டி இழுத்துப் பிடித்தார்கள். டேப்பின் ஒரு முனையைப் பல் டாக்டர் பிடித்தாள். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று நடுவர் சுற்றிப் பார்த்தபோது சலூன்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து வந்தார். "என் கை நடுங்காது, குடுங்க" என்றார். கத்தி பிடித்துப் பழகிய கை, நடுங்கவில்லைதான். அக்கா ஆக்சிஜனை இழுத்து மூச்சு விட்டபடி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்தாள். துண்டு துண்டாக அளந்து கூட்டினார்கள். நடுவர் ரெண்டு தடவை பார்த்தார். தலையாட்ட அவருக்கு நேரம் பிடித்தது.

"இருநூத்தி ஏழு. கொஞ்சம் கூட."

யாரோ, "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே" என்றார்கள். துக்க வீட்டில் சொல்லாமல் போவது போல வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பல் டாக்டர் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், வில்லையைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டாள். நடுவர் முத்திரையை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த கூட்டத்துல இந்த விதியை மாத்திடுவோம்" என்றார். அவரால் கொடுக்க முடிந்த மரியாதை அதுதான்.

புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மிச்சம். சலூன்காரர் கயிற்றைச் சுருட்டினார். சுருட்டி முடித்து, அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

"அங்க கீழே எப்படி இருந்துச்சு? இன்னும் ஒன்பது மீட்டர் போயிருக்க முடியுமா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெண்டு பேருக்கும் நிம்மதி.

"முடிஞ்சிருக்கும்" என்றாள். "சுலபமா."

அவர் சுருட்டிய கயிற்றைப் பெட்டியின் பக்கத்தில் இறக்கி வைத்தார். பிறகு அவள் எதிர்பார்க்காததைச் சொன்னார்.

"அப்ப இன்னொரு தடவை போறியா? கயித்தை நல்லா ஊற வெச்சு அளப்போம். எலும்பு டாக்டர்கிட்ட நான் பேசறேன். நான் கீழே நிக்கறேன். ஒரே ஒரு தடவை."

அவள் உட்கார்ந்திருந்த பெட்டியின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இடது தோள் விண்ணென்று தெறித்தது. அதையும் மீறி உடம்பில் ஒவ்வொரு எலும்பும், செத்ததும் சாகாததும், போ என்றுதான் சொன்னது. அவள் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"அதை மட்டும் இன்னொரு தடவை கேக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

"கேட்டா சரின்னு சொல்லிடுவேன்."

அவர் கேட்கவில்லை. அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தார். வீடு போய்ச் சேரும்வரை அந்த மனிதர் வாய் திறக்கவே இல்லை.